இன்குபேட்டர் ஈரப்பதம்: மீட்டரைப் பார்ப்பதா, முட்டையைப் பார்ப்பதா?

வீட்டில் முதன்முதலாகக் கோழிமுட்டை வைப்பவர்களுக்கு வெப்பநிலையில் பெரிய குழப்பம் வராது. ஃபேன் உள்ள பெட்டி என்றால் 37.5 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாத பெட்டி என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 டிகிரி அளவில். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். குழப்புவது ஈரப்பதம்தான். ஒருவர் 50 சதவீதம் என்பார், இன்னொருவர் 60 என்பார், மூன்றாமவர் முதல் பதினெட்டு நாளும் தண்ணீரே வைக்காதீர்கள் என்பார். வேடிக்கை என்னவென்றால் மூவருமே குஞ்சு எடுத்திருப்பார்கள்.

மூன்றும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? ஈரப்பதம் என்பது முட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. திருகை எங்கே வைக்க வேண்டும் என்பது முட்டை, ஓடு, பெட்டி, அறைக் காற்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். வெளியேற வேண்டிய தண்ணீரின் அளவு மட்டும் அவ்வளவாக மாறாது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்களெல்லாம் தானாக இடத்தில் உட்காரும்.

முட்டை எடை குறைய வேண்டும்

ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியே பிராணவாயு உள்ளே போகிறது. கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வருகின்றன. உள்ளே போகும் வாயுவும் வெளியே வரும் வாயுவும் எடையில் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஆகவே தராசில் குறைந்து தெரியும் எடை கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர்.

கோழிமுட்டை வைத்த நாளிலிருந்து 18ஆம் நாள் முடிவதற்குள் தன் எடையில் 11 முதல் 14 சதவீதம் வரை இழக்க வேண்டும். நடுவில் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது. தண்ணீர் போன இடத்தைக் காற்று நிரப்புகிறது. அதுதான் முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை. நாள் ஆக ஆக அது பெரிதாகும். குஞ்சு முழுதாக வளர்ந்தபின், 19, 20ஆம் நாள் வாக்கில், உள்சவ்வைக் குத்திக்கொண்டு அலகை இந்தக் காற்றறைக்குள்தான் நீட்டுகிறது. நுரையீரல் முதல் மூச்சை இழுப்பது இங்கே. ஓட்டை உடைத்து வெளிக்காற்றைத் தொடும்வரை அதற்குக் கையிருப்பு இந்தக் கொஞ்சக் காற்றுதான்.

ஈரப்பதம் தொடர்ந்து அதிகமாக இருந்தால் தண்ணீர் போதிய அளவு வெளியேறாது. காற்றறை சிறிதாகவே நின்றுவிடும். குஞ்சு ஊதிப்போய், முட்டைக்குள் திரும்ப இடமில்லாமல், சில சமயம் உள்ளே மிஞ்சிய நீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும். ஈரப்பதம் குறைவாகவே இருந்தால் நேரெதிர்: காற்றறை அளவுக்கு மீறிப் பெரிதாகும், குஞ்சு சிறுத்து வலுவிழக்கும், உள்சவ்வு தடித்து வறண்டு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. வெப்பநிலை இரண்டு மூன்று மணி நேரம் எகிறினால் கரு செத்துப்போகலாம். ஈரப்பதம் அப்படியில்லை, பதினெட்டு நாள் மொத்தமாக எவ்வளவு தண்ணீர் போனது என்பதே கணக்கு. இன்று 35, நாளை 60 என்று ஆடினாலும் சராசரி சரியாக வந்தால் முட்டை பொறுத்துக்கொள்ளும். இரவில் எழுந்து மீட்டரைப் பார்க்கத் தேவையில்லை.

சதவீதம் எதன் சதவீதம்?

மீட்டர் காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதே அது. காற்று சூடேறினால் தாங்கும் அளவு கூடும். நீராவி அப்படியே இருக்க, சதவீதம் மட்டும் இறங்கும்.

இதனால்தான் அறையின் வானிலை பெட்டிக்குள் இவ்வளவு விளையாடுகிறது. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 34 சதவீதம் ஆகிவிடும். அறை 30 டிகிரியில் 80 சதவீதப் புழுக்கமாக இருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே உள்ளே 52, 53 இருக்கும். குளிர்ந்து உலர்ந்த அறை, 20 டிகிரி, 50 சதவீதம் என்றால் உள்ளே 18தான். தண்ணீரே வைக்காதே என்று சொன்னவரும் தட்டு நிறைய ஊற்று என்று சொன்னவரும் எங்கே வேறுபட்டார்கள் என்பது இப்போது தெரியும். ஒரே வீட்டில், ஒரே பெட்டியில்கூட, மழைக்காலத்து அளவை வெயில்காலத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தொடக்கத்துக்கு ஓர் எண் வேண்டுமல்லவா? முதல் 18 நாளுக்கு 45 முதல் 50 சதவீதத்தில் தொடங்குங்கள். கையேடுகள் பல 50 முதல் 55 என்று சொல்லும், தவறில்லை. ஆனால் வீட்டுப் பெட்டிகளில் முட்டை ஈரத்தால் கெடுவது வறட்சியால் கெடுவதைவிட எளிது. தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் கைவரும், குறைக்கத் தோன்றாது. அதனால் தாழ்ந்த பக்கம் தொடங்குவது நல்லது.

மீட்டரை முதலில் சோதியுங்கள்

மலிவான டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர்கள் 5 சதவீதம் முன்பின் காட்டுவது சாதாரணம். சில 10 வரை தவறும். முட்டை வைப்பதற்கு முன்பே உப்புச் சோதனை செய்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்புங்கள். அதில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல்போலக் குழையுங்கள். உப்பு கரைந்து போகக்கூடாது. மேலே தண்ணீர் தேங்கினால் இன்னும் உப்புப் போடுங்கள். இந்த மூடியையும் மீட்டரையும், ஒன்றையொன்று தொடாமல், காற்றுப் புகாத ஜிப் பைக்குள்ளோ இறுக மூடும் டப்பாவுக்குள்ளோ வைத்து 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். உப்பால் நிறைந்த கரைசலுக்கு மேலே உள்ள காற்று எப்போதும் 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். அறை வெப்பநிலை சற்று ஏறி இறங்கினாலும் இது மாறாது. மீட்டர் 69 காட்டினால் 6 குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

மீட்டரை வைக்கும் இடமும் முக்கியம். முட்டையின் உயரத்தில், தண்ணீர்த் தட்டுக்கு நேர்மேலே இல்லாமல், ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தில் இருக்க வேண்டும். தட்டுக்கு மேலே வைத்தால் தட்டின் ஈரத்தைத்தான் அளப்பீர்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் பழைய முறையான ஈரக்குமிழ் வெப்பமானியைப் பயன்படுத்தலாம். சாதாரண வெப்பமானியின் குமிழில் பருத்தித் துணிக் குழலை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறு நீர்க்கிண்ணத்தில் விட வேண்டும். ஃபேன் காற்று அதன்மேல் படவேண்டும். ஃபேன் இல்லாத பெட்டியில் இது நம்பகமாக வேலை செய்யாது. பெட்டி 37.5 டிகிரியில் இருக்கும்போது ஈரக்குமிழ் 26 காட்டினால் ஈரப்பதம் சுமார் 40 சதவீதம். 28 காட்டினால் 49. 29 என்றால் 53. 32 என்றால் 68. 33 என்றால் 73. காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் திரியில் உப்புப் படியாது. திரி விறைத்துக் கெட்டியானால் எண் உயர்ந்து பொய்யாகும், மாற்றிவிடுங்கள்.

தண்ணீரின் ஆழம் எதற்கும் உதவாது

ஈரப்பதத்தை முடிவு செய்வது நீரின் மேற்பரப்பு. இரண்டு சென்டிமீட்டர் ஆழம் ஊற்றினாலும் ஐந்து ஊற்றினாலும் தட்டின் அகலம் ஒன்றாக இருந்தால் ஈரப்பதம் ஒன்றுதான்; ஆழமான தட்டு காய்ந்துபோக அதிக நாள் எடுக்கும், அவ்வளவே. ஈரம் கூட்ட வேண்டுமா, அகலமான தட்டு வையுங்கள், அல்லது இன்னொரு தட்டைச் சேருங்கள். தட்டில் சுத்தமான ஸ்பாஞ்சையோ தடித்த துணியையோ நிறுத்தி வைத்தால் ஆவியாகும் பரப்பு பல மடங்கு கூடும். குறைக்க வேண்டுமென்றால் தட்டின் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். தெர்மாகோல் பெட்டியில் நீங்களே செய்த இன்குபேட்டர் என்றால் முட்டைத் தட்டின் பரப்பில் பாதியளவு நீர்ப்பரப்பை முதலில் வைத்துப் பார்த்து, முட்டை இல்லாமல் 24 மணி நேரம் ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த நீரைச் சூடாக்கப் பெட்டி அரை மணி நேரம் திணறும். மூடியைத் திறக்காமல் ஊற்ற, காற்றுத் துளை வழியே ஒரு மெல்லிய குழாயைத் தட்டுவரை விட்டு, வெளியே பெரிய சிரிஞ்சை மாட்டிக்கொள்ளலாம். கடைசி மூன்று நாளில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

செய்யக்கூடாத ஒன்று: ஈரப்பதம் ஏறவில்லை என்று காற்றுத் துளைகளை அடைப்பது. எண் ஏறத்தான் செய்யும். கூடவே கரியமில வாயுவும் ஏறும். முதல் வாரத்தில் கருவுக்குக் காற்று அதிகம் தேவைப்படாது. துளை பாதி மூடியிருந்தாலும் பரவாயில்லை. கடைசி வாரத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் முழுக் குஞ்சு இருக்கிறது. அப்போது துளைகள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஈரத்தைத் தண்ணீரின் பரப்பால் கூட்டுங்கள், காற்றை அடைத்து வேண்டாம்.

கண்ணாடியில் நீர்த்துளி கட்டுவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது மூடி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. உள்ளே வெறும் 50 சதவீதம் இருக்கும்போதே, மூடியின் உட்புறம் 25 டிகிரிக்குக் கீழே போனால் துளி கட்டும். குளிர்ந்த அறையில் இது நடக்கும். மூடிமேல் ஒரு துண்டைப் போர்த்துங்கள், காற்றுத் துளையை மட்டும் மூடாமல்.

தராசுதான் உண்மையான மீட்டர்

ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் சமையல் தராசு போதும். முட்டை வைக்கும் நாளில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையைப் பென்சிலால் ஓட்டில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை துளைகளில் இறங்கும். மொத்த எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 6, 12, 18ஆம் நாள்களில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் போதும். வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு மறுநாள்தான் முதல் நாள்.

பன்னிரண்டு முட்டை, மொத்தம் 600 கிராம் என்று கொள்வோம். 12 சதவீதம் என்றால் 72 கிராம் குறைய வேண்டும், அதாவது நாளுக்கு 4 கிராம். 6ஆம் நாள் 576, 12ஆம் நாள் 552, 18ஆம் நாள் 528.

6ஆம் நாள் தராசு 582 காட்டுகிறது. 24 கிராம் போயிருக்க வேண்டிய இடத்தில் 18தான் போயிருக்கிறது, நாளுக்கு 3 கிராம். மீதி 12 நாளில் 54 கிராம் போக வேண்டும், நாளுக்கு 4.5. அதாவது வேகத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டும். இப்போது ஈரப்பதத்தை எவ்வளவு குறைப்பது? முட்டைக்குள் காற்று 100 சதவீத ஈரத்தில் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் வேகம் 100க்கும் வெளியே உள்ள ஈரப்பதத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இதுவரை 60 சதவீதத்தில் ஓட்டியிருந்தால் வித்தியாசம் 40. அதை ஒன்றரை மடங்காக்கினால் 60. ஆக, புதிய ஈரப்பதம் 40 சதவீதம். மீட்டர் சற்றுத் தப்பாகக் காட்டினாலும் பெரிதாகக் கெடாது. 12ஆம் நாள் தராசு மறுபடி சொல்லிவிடும்.

கூமுட்டைகளை எடுத்துவிட்டால் கணக்கு மாறும் என்பதை மறக்கக்கூடாது. 7, 8ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது இரத்த நாளம் தெரியாத முட்டைகளை நீக்கினால், அவற்றின் ஓட்டில் எழுதிய தொடக்க எடையை மொத்தத்திலிருந்து கழித்துப் புதிய தொடக்க எடை போட வேண்டும். ஒவ்வொன்றிலும் எடை எழுதச் சொன்னது இதற்குத்தான்.

ஒரே அடையில் எல்லா முட்டையும் ஒரே வேகத்தில் குறையாது. இளம் கோழியின் முட்டையில் ஓடு தடிமன், நீர் மெதுவாகப் போகும். வயதான கோழியின் ஓடு மெல்லியது, வேகமாகப் போகும். சிறிய முட்டைக்கு எடையை ஒப்பிட மேற்பரப்பு அதிகம். சராசரிக்குச் சரியாக வைத்தால் ஓரத்தில் உள்ள ஒன்றிரண்டு முட்டை தவறத்தான் செய்யும். அதைத் தவிர்க்க விரும்பினால் ஒத்த அளவுள்ள முட்டைகளையே சேர்த்து வையுங்கள்.

தராசு இல்லையென்றால் டார்ச். இருட்டில் அகன்ற முனையில் ஒளி பாய்ச்சினால் காற்றறையின் எல்லை கோடாகத் தெரியும். பென்சிலால் வரைந்து தேதி போடுங்கள். 18ஆம் நாள் அது முட்டையின் நீளத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை பிடித்திருந்தால் நல்லது. கண்ணளவு தராசுக்கு ஈடாகாது, ஆனால் மீட்டரை மட்டும் நம்புவதைவிட மேல்.

கடைசி மூன்று நாள் வேறு கணக்கு

18ஆம் நாள் முடிந்ததும் முட்டை திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 75க்கு உயர்த்துகிறோம். இதை லாக்டவுன் என்பார்கள். இப்போது நோக்கம் எடை இழப்பு அன்று. ஓட்டில் ஓட்டை விழுந்தபின் உள்சவ்வு காயாமல் காப்பது. குஞ்சு வெளியே முதல் விரிசல் போட்டதிலிருந்து முழுதாக வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நடுவே வெகுநேரம் அசையாமல் கிடக்கும். மஞ்சள்கரு வயிற்றுக்குள் போய்ச் சேரவும், சவ்வில் உள்ள இரத்தம் உடலுக்குத் திரும்பவும் காத்திருக்கிறது. காற்று வறண்டிருந்தால் விரிசல் வழியே சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். பிறகு அதனால் சுழன்று ஓட்டை வெட்ட முடியாது.

அதனால்தான் முதல் விரிசல் விழுந்தபின் மூடியைத் திறக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். திறந்த சில நொடியில் ஈரப்பதம் பாதியாக விழும். முதலில் பொரித்த குஞ்சு ஈரமாகக் கிடக்கிறதே என்று எடுக்கத் திறப்பவர்கள், பாதி வழியில் இருக்கும் அதன் கூட்டாளிகளைச் சவ்வில் சிக்க வைக்கிறார்கள். பொரித்த குஞ்சு ஒரு நாள் முழுதும் பெட்டியிலேயே இருக்கலாம். வயிற்றில் மஞ்சள்கரு இருப்பதால் தீனியும் தண்ணீரும் அவசரமில்லை. நன்றாக உலர்ந்து பஞ்சுபோல ஆனவற்றை ஒரே முறையில் எடுங்கள். திறந்தே ஆகவேண்டிய நிலை வந்தால் அறையில் முதலில் ஆவி பரவவிட்டுத் திறப்பது கொஞ்சம் உதவும்.

ஈரக் குஞ்சுகள் வெளிவரும்போது மீட்டர் 80ஐத் தாண்டும். பதற வேண்டாம், குஞ்சுகளிலிருந்து ஆவியாகும் நீர்தான் அது. துளைகள் திறந்திருந்தால் தானே இறங்கும். தண்ணீர்த் தட்டில் குஞ்சு விழாதபடி வலை போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் 18ஆம் நாளே பார்த்துவிடுங்கள்.

முட்டைமேல் தண்ணீர் தெளிப்பது கோழிமுட்டைக்கு வேண்டாம். ஆவியாகும்போது முட்டையைக் குளிர்விக்கும், மீட்டரில் சில நிமிட உயர்வைத் தவிர வேறு பயனில்லை. மீயொலி மூட்டம் போடும் கருவி மாட்டுபவர்கள் அது அளவுக்கு மீறித் தள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; குழாய் நீரில் ஓட்டினால் வெள்ளைத் தூள் எங்கும் படியும்.

விரிசல் விட்டு 24 மணி நேரம் தாண்டியும் வேலை நகரவில்லை, தெரியும் சவ்வு வெள்ளையாகவோ பழுப்பாகவோ காய்ந்திருக்கிறது என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் சவ்வை மட்டும் ஈரமாக்கலாம். அலகின் மூக்குத் துளையில் நீர் படக்கூடாது. சிவப்பு நாளம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பெட்டியை மூடுங்கள். குஞ்சு இன்னும் தயாராகவில்லை.

பொரியாத முட்டையை உடைத்துப் பாருங்கள்

23ஆம் நாள்வரை பொறுத்தபின், பொரியாதவற்றை வீசுவதற்கு முன் வெளியே கொண்டுபோய் அகன்ற முனையிலிருந்து உடையுங்கள். முழுக் குஞ்சு ஊதி, கொழகொழப்பாக, சுற்றிலும் நீரோடு, காற்றறை சிறிதாக இருந்தால் முதல் 18 நாளில் ஈரம் அதிகம். பொரித்த குஞ்சுகளும் பிசுபிசுப்பாக, தொப்புள் சரியாக மூடாமல் வந்திருந்தால் அதே காரணத்தை உறுதிசெய்யும். குஞ்சு சிறுத்து, காற்றறை பெரிதாக, சவ்வு தோல்போலத் தடித்திருந்தால் ஈரம் குறைவு. காற்றறை சரியான அளவில் இருந்து, ஓட்டில் விரிசலும் விழுந்து, சவ்வு மட்டும் காய்ந்து குஞ்சு சிக்கியிருந்தால் தவறு கடைசி மூன்று நாளில்; பெரும்பாலும் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே நின்றுபோன கருவுக்கு ஈரப்பதத்தைக் குறை சொல்லாதீர்கள். அது பழைய முட்டை, வெப்பநிலை ஏற்ற இறக்கம், கையாளும்போது குலுங்கியது என்று வேறு பக்கம் தேட வேண்டியது.

காடை முட்டைக்கும் வாத்து முட்டைக்கும் இதே முறைதான், நாள்கள் மட்டும் மாறும். காடை 17, 18 நாளில் பொரிப்பதால் லாக்டவுன் 15ஆம் நாள். வாத்து 28 நாள் என்பதால் 25ஆம் நாள். ஒவ்வொரு அடை முடிந்ததும் ஸ்பாஞ்சைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குங்கள். ஈரமும் 37 டிகிரி வெப்பமும் மூன்று வாரம் கிடைத்த ஸ்பாஞ்சில் கிருமிகள் குஞ்சுகளைவிட நன்றாக வளர்ந்திருக்கும். தட்டையும் பெட்டியையும் சோப்பு போட்டுக் கழுவி, ப்ளீச்சிங் கரைசலில் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த அடை வையுங்கள்.